மலேசியா மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருச்சியில் இறங்கினேன். கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரம். தோளில் ஒரு பை மட்டும் தொங்குவதைப் பார்த்த சுங்க அதிகாரி, "மலேசியாவுலேர்ந்து வர்றீங்க, இவ்வளவுதானா சாமான்?" என்றார். ஆமாம் என்றேன். உடனே குரலைத் தாழ்த்தி, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். பெட்டி இல்லாமல் வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உடம்பு சரியில்லாதது யாழினி என்ற ஐந்து வயதுக் குழந்தைக்கு. அவளை நான் பார்த்ததே இல்லை. என் மகள் ஏஞ்சலின் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். யாழினி அவளுடைய யுகேஜி வகுப்புப் பிள்ளை. செவ்வாய்க்கிழமை மாலை ஏஞ்சலின் அழைத்தாள். "என் கிளாஸ் பாப்பா ஒண்ணு ஐசியுல இருக்குமா. நீங்க வாங்கம்மா" என்றாள். பிறகு அழுகைதான். ஜூன் மாதம் விமானம் ஏறியவள், எட்டு மாதத்தில் ஒருநாளும் தொலைபேசியில் அழுததில்லை. நான் கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளானில் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளியிடம் இரண்டு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நம் ஊரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் வேளாங்கண்ணி, மதுரை, சென்னைத் துணிக்கடை என்று போய் வருவார்கள். நாமக்கல் பக்கம் போனவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அதனால் வழியையும் விலையையும் சரியாகவே எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. குழந்தையின் பெயரும் அவள் அம்மாவின் பெயரும் மாற்றியவை. தன் பெயரை மாற்ற வேண்டாம் என்று ஏஞ்சலின் சொல்லிவிட்டாள்.

திருச்சியிலிருந்து நாமக்கல் எண்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் தொண்ணூறு ரூபாய், நம் மலேசிய வெள்ளியில் ஐந்துக்கும் குறைவு. முசிறி, தொட்டியம் வரை காவிரி ஓரமாகவே வாழைத் தோப்புகள் வந்தன. நடத்துநர் சீட்டைக் கிழித்துக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்து, "நாமக்கல்லுக்கா? புள்ளைய ஸ்கூல்ல சேக்கவா, சேத்த புள்ளைய பாக்கவா?" என்றார். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண், "ஏன், அந்த ஊருக்கு வேற சோலிக்கே போக மாட்டாகளா?" என்று கேட்க, "போவாகளே, லாரி வாங்க. இந்தம்மாவப் பாத்தா லாரி வாங்கற மாதிரியா இருக்கு?" என்று பதில் சொன்னார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று இப்போது தோன்றுகிறது.

நாமக்கல் நெருங்கும்போது சாலையின் இரு பக்கமும் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள். வர்ணம் பூசாத தகரக் கூண்டுகள் வரிசையாக நின்றன. அதைத் தாண்டினால் நீள நீளமான கோழிப் பண்ணைகள். சன்னலை மூடினாலும் நாற்றம் நிற்கவில்லை. அங்கே வண்டி மாறி, புதன்சந்தை, ஆண்டகளூர் கேட் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் ராசிபுரம். பட்டு நெசவுக்கும் நெய்க்கும் பெயர்போன ஊர் என்று மகள் எழுதியிருந்தாள். நான் பார்த்தது பேருந்து நிலையத்தின் வெயிலை மட்டும்தான்.

மதியம் இரண்டு மணி. பள்ளி, ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார். அறுபது வயது இருக்கும். வண்டி நகர்ந்ததும் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

"எந்தூருங்க அம்மணி?"

"மலேசியா."

"அட! அங்க முட்டை என்ன வெலைங்க?"

வேறு எந்த ஊரிலும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு முட்டை உங்கள் காசில் எட்டு, ஒன்பது ரூபாய் வரும் என்றேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கணக்குப் போட்டார். "அங்க ஒரு பண்ணை போட்டா நாலு வருசத்துல ஊடு கட்டிப்போடலாமாட்ட இருக்குது" என்றார். சாலையோரத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையின் முற்றத்தில் மரவள்ளி மாவு வெள்ளை வெளேரென்று காய்ந்தது. புளித்த வாடை அடித்தது. தூரத்தில் போதமலை தெரிந்தது.

பள்ளியின் பெயரைச் சொன்னபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கதானுங்க, ஒரு பாப்பாவுக்குக் குடல்வால் வெடிச்சுப் போச்சுன்னு சேலத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பாவமுங்க. அது வலிக்குதுன்னு சொல்லியிருக்குது. வகுப்புல இருந்தது பாரின் டீச்சரு. அதுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாதாமா. பாப்பா சொன்னது அதுக்கு வெளங்கல. என்ன பண்றது, போங்க."

நான் பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியை ஒருத்திதான், என் மகள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். திருக்குறள் போட்டியில் வாங்கிய கேடயம் இன்னும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேல் இருக்கிறது. வீட்டில் நாங்கள் பேசுவதும் தமிழ்தான். தேவாலயத்தில் வாசகம் வாசிப்பதும் அவள்தான்.

"டீச்சரு உங்களுக்குச் சொந்தமுங்களா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"இல்லை" என்றேன்.

பள்ளி வாசலில் ஆளுயரப் பதாகை ஒன்று இருந்தது. அதில் கோட்டுப் போட்ட என் மகள். அவள் கோட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை. கீழே, பெயரைக்கூட மாற்றி, 'மலேசியாவிலிருந்து மிஸ் ஏஞ்சலா' என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள்.

தாளாளர் அறைக்கு என்னை அழைத்துப் போனார்கள். ஐம்பது வயதுக்காரர். கண்கள் சிவந்திருந்தன. குழந்தையைத் தன் காரில் சேலத்துக்குக் கொண்டுபோனவரும், அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம் கட்டியவரும் அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னை நிற்கவிடாமல் உட்காரவைத்து, இளநீர் வரவழைத்து, பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ஒத்தாசை. பேரன்ட்ஸ் யாராச்சும் எதுக்கால வந்தா நீங்களும் இங்கிலீஷ்லயே பேசிருங்க. இங்கிலீஷ் வரலைன்னா சிரிச்சுட்டு நின்னாப் போதும்."

"எதற்கு?"

"மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாதுன்னு நாங்க சொல்லித்தானுங்க வெச்சிருக்கறோம். அவங்களுக்குத் தெரியும்னா புள்ளைக எப்படி இங்கிலீஷ் பேசும்? மொத நாள்ல இருந்தே அப்படித்தான். அது அப்ப அட்மிசனுக்காகச் சொன்னது. இப்ப அது உங்க பொண்ணுக்குத்தானுங்க பாதுகாப்பு. தெரியாம நடந்துபோச்சுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தெரிஞ்சும் சும்மா இருந்தாங்கன்னா..." அவர் முடிக்கவில்லை.

நான் சரி என்றேன். என் மகள் பத்திரமாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆசிரியைகள் தங்கும் அறையில் ஏஞ்சலின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. நான் கதவைச் சாத்தியதும் கேட்டாள்: "சார் சொல்லிட்டாரா?"

சொன்னார் என்றேன்.

"முதல் மாசம் எனக்கு விளையாட்டா இருந்துச்சும்மா. எனக்குப் புரியாதுன்னு நினைச்சு என் முன்னாலயே எல்லாம் பேசுவாங்க. மலேசியால ராத்திரி வருமா வராதான்னு சண்டை. மிஸ் எதுக்குப் பொட்டு வைக்கலன்னு சண்டை. சிரிப்ப அடக்க உதட்டக் கடிச்சுக்குவேன். ஒருநாள் ஒருத்தன் 'மிஸ், பின்னால பாம்பு!'ன்னு கத்தினான். நான் திரும்புறேனான்னு பார்க்கத்தான். நான் திரும்பல. வராந்தாவுல நின்னு பார்த்த சார் உள்ள வந்து கைகொடுத்தாரு."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"திங்கக்கிழமை முதல் பீரியட்ல யாழினி என் மேசைக்கிட்ட வந்து நின்னா. 'மிஸ், வவுறு நோவுதுங்க மிஸ்'னா. நான் 'இன் இங்லீஷ் ப்ளீஸ்'னு சொன்னேன். அவளுக்கு அது இங்லீஷ்ல தெரியாது. யோசிச்சா. அப்புறம், 'மிஸ், ரெஸ்ட்ரூம் ப்ளீஸ்'னா. அனுப்பினேன். திரும்பி வந்து மறுபடி அதையே சொன்னா. மறுபடி ரெஸ்ட்ரூம். மத்தியானமும் வந்தா."

"அந்தப் பாம்பு மாதிரி இதுவும் சோதனை என்று நினைத்தாயா?"

"இல்லம்மா. முகத்தப் பார்த்ததுமே தெரிஞ்சுது." அவள் என்னைப் பார்த்தாள். "மத்தியானம் அவ தங்கியிருக்கிற விடுதிப் பொறுப்பாளர்கிட்டச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை அப்பா அம்மா வந்துட்டுப் போனா திங்கக்கிழமை எல்லாப் பிள்ளைக்கும் வயிறு வலிக்கும், வீட்டு ஏக்கம், ஒரு மாத்திரை கொடுக்கிறேன்னாங்க. எனக்கு அதைக் கேட்டதும் நிம்மதியாயிடுச்சு. அவளைத் தனியாக் கூட்டிட்டுப் போய், எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு தமிழ்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கல. விடியறதுக்குள்ள வாந்தி, காய்ச்சல்."

ஆறின சோற்றை எடுத்து வெளியே வைத்தேன். அவள் சொன்னாள்: "சனிக்கிழமை சார் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னிருக்காரு. அவ அம்மாவப் பார்க்கணும். நான் என்னம்மா சொல்றது?"

"எதுவும் சொல்லாதே" என்றேன்.

வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு மணி அடித்தார்கள். விடுதியில் ஐந்து வயதுப் பிள்ளைகள் பல் துலக்க வரிசையில் நின்றார்கள். நம் ஊர்ப் பாலர் பள்ளியில் பிள்ளைகள் காலையில் வந்து மதியம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே வீட்டுக்குப் போவது விடுமுறைக்கு மட்டும். அப்பாக்கள் லாரியிலோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியிலோ வடநாட்டில் இருக்கிறார்கள், அம்மாக்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று ஒரு ஆயா சொன்னார்.

சாப்பாட்டு அறையில் ஏஞ்சலின் வேலை தொடங்கிவிடுகிறது. "இட்லி ப்ளீஸ்", "சட்னி ப்ளீஸ்" என்று கேட்டால்தான் தட்டில் விழும். ஒரு பையன் சாம்பாரை என்னவென்று கேட்பது என்று தெரியாமல் விரலால் காட்டினான். "யூஸ் யுவர் வேர்ட்ஸ்" என்றாள் என் மகள், பழக்கத்தில். சொல்லிவிட்டு முகம் வெளுத்துப் போய், தானே கரண்டியை வாங்கி அவனுக்கு ஊற்றினாள்.

வகுப்பில் என்னை ஒரு குட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முப்பது பிள்ளைகளும் எழுந்து, "குட் மார்னிங் மிஸ்" என்று இழுத்துப் பாடினார்கள். பழம், பறவை, நிறம் எல்லாம் மணிமணியாகச் சொன்னார்கள். பெங்குவின் என்று படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். எதையாவது கேட்க வேண்டுமென்றால் அவர்களிடம் இருந்தது இரண்டு வார்த்தை: வாட்டர், ரெஸ்ட்ரூம். அழுகை வந்த ஒரு சிறுமி ரெஸ்ட்ரூம் என்றாள். பென்சிலைப் பறிகொடுத்த பையனும் ரெஸ்ட்ரூம் என்றான். இரண்டாவது வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. பக்கத்துச் சிறுமி என் பக்கமாகச் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், "யாழினி செத்துப் போயிட்டாளா?" என்று கேட்டாள். எனக்குத் தமிழ் தெரியும் என்று அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

சுவரில் இருந்த கேமரா வழியாகப் பெற்றோர் கைப்பேசியில் வகுப்பைப் பார்க்கலாமாம். எங்கோ ஒரு லாரியில் உட்கார்ந்து யாராவது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். திங்கட்கிழமையும் யாரோ பார்த்திருக்கலாம். கேமராவில் சத்தம் வராது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாளாளர் காரில் சேலம் புறப்பட்டோம். ராசிபுரத்திலிருந்து இருபத்தேழு கிலோமீட்டர். வழியெல்லாம் அவர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்: மூன்று நிமிடம் போதும், மிஸ் சாரி சொன்னால் போதும், நான் தமிழில் சொல்லிவிடுகிறேன். ஏஞ்சலின் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் ஐசியு. வெளியே இரும்பு நாற்காலிகளில் ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாழினியின் அம்மா சுமதி எங்களைக் கண்டதும் எழுந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. புதன்சந்தை பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. கணவன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தான், செய்தி கேட்டு ரயில் ஏறிவிட்டான். அவள் திட்டுவாள், கையை ஓங்குவாள் என்று நான் பயந்திருந்தேன். அவள் நேராக வந்து என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், மிஸ்ஸுகிட்டச் சொல்லுங்க. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலைன்னு சொல்லுங்க. பாஷை தெரியாத புள்ள, அது என்னுங்க பண்ணும்? மூஞ்சியப் பாருங்க, வத்திப்போச்சு. சாப்பிடச் சொல்லுங்க சார்."

தாளாளர் ஏஞ்சலின் பக்கம் திரும்பி, அது உன் தவறு இல்லை என்று அம்மா சொல்கிறார் என்பதை ஆங்கிலத்தில் சொன்னார்.

ஏஞ்சலின் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னேன். அவள் சுமதியின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தமிழ் தெரியுங்கக்கா."

சுமதி கையை விடவில்லை. காதில் விழுந்தது இன்னும் உள்ளே போகவில்லை போல. "என்னுங்க மிஸ்?"

"தமிழ் தெரியும். யாழினி அன்னைக்குச் சொன்னது எனக்குப் புரிஞ்சுது."

"சுமதி, மிஸ் பயத்துல ஏதோ..." என்று தாளாளர் குறுக்கே வந்தார்.

"நீங்க சித்த பேசாம இருங்க சார்." சுமதியின் குரல் உயரவில்லை. "எம்புள்ள என்ன சொன்னா? அவ சொன்னாப்புலயே சொல்லுங்க."

ஏஞ்சலின் சொன்னாள். அந்தக் குழந்தையின் பேச்சு என் மகளின் வாயில் அப்படியே வந்தது. "மிஸ், வவுறு நோவுதுங்க மிஸ்."

"எத்தன வாட்டி சொன்னா?"

"மூணு வாட்டி."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"இங்லீஷ்ல சொல்லுன்னேன்."

சுமதி கையை விட்டாள். முந்தானையால் தன் கையைத் துடைத்துக்கொண்டாள். "போயிருங்க" என்றாள். "அவங்கப்பன் சாயங்காலம் வந்துருவான். அவன் கண்ணுல பட்டுறாதீங்க."

திரும்பி வரும்போது மல்லூரைத் தாண்டினோம். பிறகு தாளாளர் சொன்னார்: "நான் உங்களைக் காப்பாத்தத்தான் மிஸ் பாத்தேன். எத்தன புள்ளைக இந்தப் பள்ளிக்கோடத்த நம்பி இருக்குதுன்னு நெனச்சுப் பாருங்க." ஞாயிற்றுக்கிழமை காலை ஏஞ்சலினை வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். வாசலில் பதாகை இருந்த இடத்தில் மூங்கில் சட்டம் மட்டும் நின்றது.

அன்றே விமானத்தில் இடம் இருந்தது. நான் பார்த்து வைத்திருந்தேன். ஏஞ்சலின் மறுத்துவிட்டாள். "அவ ஐசியுல இருந்து வெளிய வராம நான் வரமாட்டேன்மா. நீங்க வேணா போங்க." நான் கத்தினேன், கெஞ்சினேன், போனில் அவள் அப்பாவைப் பேசவைத்தேன். கடைசியில் சேலத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். நாளுக்கு எழுநூறு ரூபாய். சுவர் மெலிதாக இருந்தது. பக்கத்து அறையில் துணி வியாபாரிகள் பேசுவது முழுதும் கேட்கும்.

தினமும் காலையில் அவள் மருத்துவமனையின் கீழே, மருந்துக்கடைக்கு எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். மேலே போகவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்வேன். குழந்தைக்காகச் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பேன். பாதியில் என் மகளுக்காகச் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் என்ன ஆவாள் என்பதுதான் என் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை யாழினியின் அப்பா கீழே வந்தார். கருத்த, ஒடிசலான ஆள். சட்டையில் ரிக் வண்டியின் மசகுக் கறை இருந்தது. யாரோ எங்களை அடையாளம் காட்டியிருக்க வேண்டும். எதிரே வந்து நின்றார். ஏஞ்சலின் எழுந்து நின்றாள். நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு திரும்பி நடந்துபோய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்று ஏஞ்சலின் சொன்னாள்.

புதன்கிழமை நண்பகல் சுமதி படியிறங்கி வந்தாள். எங்களை நேராகப் பார்க்காமல், "வார்டுக்கு மாத்திட்டாங்க" என்றாள். ஏஞ்சலின் அழ ஆரம்பித்ததும், "அழுவாதீங்க. அவ உங்களைக் கேக்கறா. வாங்க" என்றாள்.

கட்டிலில் யாழினி இருந்த இடமே தெரியவில்லை. போர்வைக்கு மேலே இரண்டு கண்களும் ஒட்டவெட்டிய முடியும். கையில் ஊசிக் குழாய். என் மகளைக் கண்டதும் எழ முயன்று முடியாமல், படுத்தபடியே, வகுப்பில் பாடுகிற அதே இழுவையில், "குட் ஆப்டர்நூன் மிஸ்" என்றாள்.

ஏஞ்சலின் கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டாள். "யாழினி, இப்ப நோவுதா சாமி?"

குழந்தையின் கண்கள் விரிந்தன. அம்மாவைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு ஏஞ்சலினைக் கிட்டே வரச் சொல்லிக் காதோரம் கிசுகிசுத்தாள். அந்த அமைதியில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"தமிழ் பேசாதீங்க மிஸ். திட்டுவாங்க."

ஏஞ்சலின் கட்டிலின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. குழந்தை ஊசியில்லாத கையை அவள் முடிமேல் வைத்து, மிஸ்ஸை ஏன் யாரும் சமாதானப்படுத்தவில்லை என்பதுபோல எங்களைப் பார்த்தாள்.

நாங்கள் அன்று மாலையே கிளம்புகிறோம் என்று சுமதியிடம் சொன்னேன். "இனி எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "அங்கதானுங்க. ஜூன்ல ஒண்ணாப்பு. சார் ஒரு வருசம் பீசு வேண்டாம்னுட்டாரு."

"அங்கேயேவா?"

"வேற எங்கீங்க உடறது? எல்லாப் பள்ளிக்கோடமும் அப்படித்தான். நான் அஞ்சு மணிக்குப் பண்ணைக்குப் போவோணும். அவரு வண்டியேறுனா எட்டு மாசம். ஊட்ல யாருங்க இருக்கறா? இங்கிலீசு வந்துட்டாப் பொழச்சுக்குவா. எங்களாட்ட ஆகமாட்டா." பிறகு ஏஞ்சலின் பக்கம் திரும்பினாள். அவளிடம் கோபம் தெரியவில்லை. மன்னிப்பும் தெரியவில்லை. சந்தையில் வழி கேட்பவளின் குரலாகத்தான் இருந்தது.

"மிஸ், ஒண்ணே ஒண்ணு செஞ்சுட்டுப் போங்க. வவுறு நோவுதுன்னு இங்கிலீசுல எப்படிச் சொல்றதுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

ஏஞ்சலின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையின் உள்ளங்கையை எடுத்துப் போர்வைக்கு மேலே வயிற்றில் மெதுவாக வைத்தாள். "மை ஸ்டமக் ஹர்ட்ஸ்" என்றாள்.

"மை ஸ்டமக் ஹர்ட்ஸ்" என்றாள் யாழினி.

"இப்படிச் சொன்னா அங்க எல்லாருக்கும் வெளங்குமுங்களா?" என்று சுமதி கேட்டாள்.

"வெளங்கும்" என்றாள் என் மகள்.

திருச்சிப் பேருந்து மூன்றரைக்கு. நாங்கள் வெளியே வந்து லிஃப்டுக்காக நின்றோம். அது வர நேரமானது. வார்டின் கதவு சரியாகச் சாத்தவில்லை. "இன்னொருக்காச் சொல்லு சாமி" என்று சுமதி உள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை ஒவ்வொரு முறையும் சத்தமாக, பிழையில்லாமல், நன்றாகப் பாடம் படித்த பிள்ளையின் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.